இழுப்பறையைத் திறக்க ஒருவர் வேண்டும்: அருங்காட்சியக நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும், பணியிடங்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பறவைத் தொகுப்பின் காப்பாட்சியர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்தைப் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நிறுத்திவைப்பது பல அருங்காட்சியகங்களில் வழக்கமாகிவிட்டது. பாலூட்டிப் பிரிவில் இருப்பவரிடமோ காட்சிக்கூடப் பொறுப்பாளரிடமோ சாவிக்கொத்து கூடுதல் பொறுப்பாகப் போகிறது. எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: இருப்பவர் போவதற்கு ஓராண்டு முன்பே அடுத்தவரை அமர்த்துங்கள். பன்னிரண்டு மாதமும் இருவரும் ஒரே மேசையில் சேர்ந்து வேலை செய்யட்டும். ஒரு மாதம் ஏன் போதாது என்பது அந்த வேலையின் உள்விவரம் தெரிந்தால்தான் விளங்கும். அதனால் இந்த மடல் சற்று நீளமாக இருக்கும். பொறுமையோடு படிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

காட்சிப் பெட்டியில் கண்ணாடிக் கண்ணோடு நிற்கும் பறவைகள் தொகுப்பில் மிகச் சிறு பகுதி. மற்றவை எல்லாம் இழுப்பறைகளில், மல்லாந்த நிலையில், கண் இருந்த இடத்தில் பஞ்சும் காலில் சீட்டுமாகக் கிடக்கின்றன. ஆய்வாளர்கள் தேடி வருவது இவற்றைத்தான். குருவி அளவுப் பறவை ஒன்றைப் பாடம் செய்ய, அதாவது தோலை உரித்துச் சுத்தம் செய்து பஞ்சு திணித்து வைக்க, கைதேர்ந்தவருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். புதியவருக்கு அரைநாள். கொழுத்த வாத்து என்றால் பழகிய கைக்கே ஒரு நாள் போய்விடும்.

வேலை கத்தியோடு தொடங்குவதில்லை. உறைபெட்டியில் இருந்த பறவையை முந்தின இரவே சாதாரணக் குளிர்பெட்டிக்கு மாற்றி மெதுவாக இளகவிட வேண்டும். அவசரப்பட்டு வெப்பத்தில் வைத்தால் வயிற்றுத் தோல் முதலில் கெட்டு, இறகு கையோடு வந்துவிடும். இளகியதும் எடை. அடுத்து கண், அலகு, கால், வாயின் உட்புறம் ஆகியவற்றின் நிறம். உலர்ந்தபின் இந்த நிறங்கள் மங்கி மாறிவிடும் என்பதால் எழுத வேண்டிய நேரம் அதுதான். தொண்டையிலும் மூக்குத் துளையிலும் பஞ்சு அடைத்துவிட்டு, மார்பெலும்பிலிருந்து கழிவுத்துளை வரை தோலை மட்டும் கீறுவார்கள். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் வயிற்றுச் சுவர் கிழிந்து இறகு முழுதும் நனையும். மரத்தூளோ சோளமாவோ தூவித் தூவி ஈரத்தை இழுத்துக்கொண்டே போக வேண்டும். முழங்காலில் ஒரு வெட்டு, வாலின் அடியில் ஒரு வெட்டு. பிறகு காலுறையைக் கழற்றுவதுபோலத் தோலை உட்புறம் வெளியே வரப் புரட்டிக்கொண்டு தலைவரை. காதுப் பகுதித் தோல் மண்டையோட்டுக்குள் பை போல ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் உருவவும், இமை விளிம்பை அறுக்காமல் கண்ணை எடுக்கவும் விரல் நுனிக்குத்தான் தெரியும். எழுத்தில் சொல்லித்தர முடியாது. மரங்கொத்தியிலும் பல வாத்துகளிலும் தலை பெரிது, கழுத்து ஒடுக்கம். அவற்றின் தலை கழுத்துத் தோல் வழியே வராது. பின்தலையில் தனிக் கீறல் போட்டு எடுக்க வேண்டும். இது தெரியாத கை இழுத்துப் பார்த்துக் கிழித்துவிடும்.

கொழுப்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாத்து, கடற்பறவைகளின் தோலடியில் இருக்கும் கொழுப்பை முழுவதும் சுரண்டிக் கழுவி எடுக்காவிட்டால், அது ஆண்டுக்கணக்கில் கசிந்து காற்றோடு வினைபுரிந்து தோலை எரித்துவிடும். ஐம்பது ஆண்டு கழித்து இழுப்பறையைத் திறப்பவருக்குக் கிடைப்பது மஞ்சள் பூத்து, தொட்டால் நொறுங்கும் தோலும் எண்ணெய் ஊறி எழுத்து மறைந்த சீட்டும்தான்.

உரித்தெடுத்த உடலில் இருந்தும் படிக்க நிறைய இருக்கிறது. ஆணா பெண்ணா என்பதை இறகைப் பார்த்து ஊகிக்காமல் உள்ளே பார்த்து எழுத வேண்டும். ஆணுக்கு இரண்டு விரைகள். பெண்ணுக்கு, பெரும்பாலான இனங்களில், இடப்பக்கம் ஒரே சூலகம். விரையின் நீள அகலத்தையும் சூலகத்தின் மிகப் பெரிய முட்டைக்கருவையும் மில்லிமீட்டரில் எழுதினால் அந்தப் பறவை இனப்பெருக்கக் காலத்தில் இருந்ததா என்பது தெரியும். மண்டையோடு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது வயதைக் காட்டும். இரைப்பையில் என்ன, கொழுப்பு எவ்வளவு, இறகுதிர்ப்பு எந்தக் கட்டத்தில் என்று பட்டியல் போகும். மார்புத் தசை, கல்லீரல், இதயம் ஆகியவற்றிலிருந்து சிறு துண்டுகள் எடுத்து −80 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியிலோ −196 டிகிரி திரவ நைட்ரஜனிலோ வைக்கிறார்கள். குப்பியில் உள்ள எண்ணும் தோலின் சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நான்கைந்து பறவைகளை மேசையில் பரப்பிக்கொண்டு வேலை செய்தால் இந்த எண்கள் மாறிப்போகும். அந்தப் பிழை மரபணு ஆய்வு வெளிவந்து, முடிவு பொருந்தாமல் போகும்போதுதான் தெரியவரும்.

இனி சீட்டு. இடம், நாள், சேகரித்தவர் பெயர் இல்லாத தோல் அழகான பொம்மை மட்டுமே. பருத்திக் கூழில் செய்த அமிலமற்ற காகிதம், ஈரத்தில் கலையாத நிறமி மை, கால்களைச் சேர்த்துக் கட்டும் பருத்தி நூல், இவைதான் பொருள்கள். பழைய சீட்டு எவ்வளவு கிழிந்திருந்தாலும் அகற்றக் கூடாது. புதியதை அதன் பக்கத்தில் கட்ட வேண்டும். பழைய சேகரிப்பாளர்கள் மாதத்தை ரோமன் எண்ணில் எழுதியிருப்பார்கள். எல்லாம் எண்ணாக எழுதியவர்களிடம் 4-8 என்பது ஏப்ரல் 8-ஆ, ஆகஸ்ட் 4-ஆ என்பது அவர் எந்த நாட்டு வழக்கப்படி எழுதினார் என்பதைப் பொறுத்தது. பெயர் மாறிவிட்ட ஊர்கள், ஒரே பெயரில் மூன்று ஊர்கள், பக்கத்து முகாமில் சுட்டதைத் தலைமை முகாமின் பெயரில் எழுதிய அவசரங்கள் எல்லாம் உண்டு. யாருடைய கையெழுத்து எது, யாருடைய தேதியை நம்பலாம், யாருடையதை நம்பக் கூடாது என்பது முப்பது ஆண்டு இழுப்பறைகளோடு இருந்தவரின் தலையில்தான் இருக்கிறது. கணினித் தரவுத்தளத்தில் அதற்கென்று ஒரு கட்டம் பெரும்பாலும் இல்லை.

சீட்டையே பொய்யாக எழுதியவர்களும் உண்டு. காட்டுச் சிற்றாந்தை என்ற இந்தியப் பறவைக்கு நெடுங்காலம் ஐயமற்ற கடைசிச் சான்றாக இருந்தது 1884-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் 1914-இல் குஜராத்தில் எடுத்ததாக ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் சீட்டோடு ஒரு மாதிரி இருந்தது. பறவையியலாளர்கள் பமீலா ராஸ்முசென், நைஜல் காலர் ஆகியோர் அதை ஆராய்ந்தபோது, அது வேறொருவரின் பழைய மாதிரி என்பதும், திருடி, பிரித்து, மீண்டும் பஞ்சு திணித்துப் புதுச் சீட்டு கட்டப்பட்டது என்பதும் தெரிந்தது. முதலில் பாடம் செய்த கையின் அடையாளங்கள் தோலுக்குள் எஞ்சியிருந்தன. அந்தப் பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு உண்மையான பழைய இடங்களைத் தேடிப் போன ராஸ்முசெனும் குழுவினரும் 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தையை உயிரோடு கண்டார்கள். தையல் எந்தக் கையுடையது என்று படிக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால், நூறாண்டுக்கு மேல் காணாமல் இருந்த இனம் மீண்டும் பட்டியலுக்கு வந்தது.

அமெரிக்கப் பறவையியலாளர் ஜேம்ஸ் சாப்பினின் கதையும் இதே வகை. 1913-இல் காங்கோவில் ஒருவரின் தலையணியில் இருந்த இறகு எந்தப் பறவைக்கும் பொருந்தவில்லை. எடுத்து வைத்துக்கொண்டார். 1936-இல் பெல்ஜியத்தின் டெர்வூரன் அருங்காட்சியகத்தில், வெளியிலிருந்து கொண்டுவந்த இந்திய மயில் என்று பெயரிட்டு ஒதுக்கப்பட்டிருந்த இரண்டு பழைய பறவைகளைக் கண்டதும் அந்த இறகு நினைவுக்கு வந்தது. காங்கோ மயில் அறிவியலுக்கு அறிமுகமானது அப்படித்தான். இடையில் கழிந்தது இருபத்து மூன்று ஆண்டுகள். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்து போகிறவருக்கு இப்படி ஒரு நினைவு சேர வழியில்லை.

சீட்டிலிருந்து பூச்சிக்கு வருகிறோம். கம்பள வண்டும் துணி அந்துப்பூச்சியும் தோலையும் இறகையும் தின்னும். வண்டின் புழு சில மில்லிமீட்டர் நீளம்தான். அலமாரிக் கதவின் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் தளர்ந்திருந்தால் போதும், உள்ளே போய்விடும். பார்க்க வேண்டிய அடையாளங்கள்: இழுப்பறையின் அடியில் உதிர்ந்த இறகுத் துணுக்கு, மணல் போன்ற எச்சம், புழு கழற்றிய மயிர்த்தோல். ஒட்டும் பொறிகளைத் தரையில் சுவரோரமாக வைத்து, எண்ணிட்டு, மாதம் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். சந்தேகப்பட்ட மாதிரியைக் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் அடைத்து −30 டிகிரியில் மூன்று நாள். −18 டிகிரி மட்டுமே கிடைத்தால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வர ஒரு நாள் விட்டால் ஈரம் பையின் வெளிப்புறம் படியும். உடனே திறந்தால் இறகில் படிந்து பூஞ்சை வரும். அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், எலும்புக்கூடுகளைச் சுத்தம் செய்ய இதே குடும்பத்து வண்டுகளையே வளர்க்கிறார்கள். உலர்த்திய தசையை அவை எலும்பில் கீறல் விழாமல் தின்று தீர்க்கும். அந்த வளர்ப்பறை தொகுப்பிலிருந்து தள்ளி, முடிந்தால் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து வரும் ஒவ்வொரு எலும்பும் உறைபெட்டி வழியாகத்தான் தொகுப்புக்குள் நுழைய வேண்டும். கூடுதல் பொறுப்பில் இருப்பவர் முதலில் கைவிடுவது இந்த மாதாந்திரச் சுற்றைத்தான். விட்டதன் விளைவு முதல் வெயில் காலத்திலேயே தெரிந்துவிடும்.

பழைய தோல்களில் ஆர்சனிக் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருந்தாளர் ஜான் பாப்டிஸ்ட் பேக்கர் உருவாக்கிய ஆர்சனிக் சோப்பு இருபதாம் நூற்றாண்டிலும் பயன்பாட்டில் இருந்தது. சில தொகுப்புகளில் பாதரசக் குளோரைடும் சேர்ந்திருக்கும். கையுறை, தனி மேலங்கி, அந்த அறையில் உண்ணவோ பருகவோ தடை ஆகியவை விதியாக இருக்க வேண்டும். பள்ளிக் குழந்தைகளிடம் தொட்டுப் பார்க்கக் கொடுக்கப் பழைய மாதிரி ஒன்றை எடுத்துத் தாருங்கள் என்று காட்சிப் பிரிவு கேட்கும்போது, முடியாது என்று சொல்ல ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

முட்டைகளுக்குக் கேடு வேறு வழியில் வரும். ஓக் மர இழுப்பறையில் இருந்து கசியும் அசெட்டிக் அமிலம் ஓட்டின் கால்சியம் கார்பனேட்டோடு வினைபுரிந்து வெண்ணிற உப்பாகப் பூக்கும். வெளிச்சம் பட்டால் நிறம் போகும். ஒரே கூட்டின் முட்டைகள் ஒன்றாக, தம் அட்டையோடு இருக்க வேண்டும். அட்டை பிரிந்தால் வெறும் ஓடு.

அட்டையோடு இருந்த ஓடுகள்தான் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லியைக் காட்டிக்கொடுத்தன. பிரிட்டனில் பொரி வல்லூறுகள் ஏன் குறைகின்றன என்று தேடிய டெரக் ராட்கிளிஃப், பழைய முட்டைத் தொகுப்புகளை எடைபோட்டார். 1940களின் பிற்பகுதியில் ஓட்டின் எடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு திடீரென்று குறைந்திருந்தது. 1967-இல் அதை வெளியிட்டார். அந்த முட்டைகளைச் சேர்த்தவர்களில் ஒருவருக்கும் டி.டி.டி. என்ற சொல் மனத்தில் இருந்திருக்காது. ஸ்வீடனில் இறகில் சேர்ந்த பாதரசத்தை அளந்ததும் இப்படித்தான். விதைக்குப் பூசிய பாதரச மருந்தின் தடம் அருங்காட்சியகத் தோல்களில் ஆண்டு வாரியாக இருந்தது. 2017-இல் சிகாகோ ஆய்வாளர்கள் இருவர் அமெரிக்கத் தொழில் நகரங்களைச் சுற்றிச் சேகரித்த பறவைகளின் மார்பு இறகில் படிந்த கரியை வைத்து 135 ஆண்டுக் காற்று மாசின் வரலாற்றையே எழுதினார்கள்.

எங்கள் கோரிக்கைக்கு மிக நெருக்கமான சான்று சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பறவைத் தொகுப்பைக் கவனித்த டேவிட் வில்லர்ட் 1978 முதல் நகரக் கட்டடங்களில் மோதி இறந்த வலசைப் பறவைகளைச் சேகரித்தார். 2016 வரை 52 இனங்களைச் சேர்ந்த 70,716 பறவைகள். அவற்றை ஒரே மனிதர் தம் கையாலேயே அளந்தார். 2020-இல் வெளிவந்த பகுப்பாய்வு, கால் எலும்பின் நீளம் 2.4 சதவீதம் குறைந்திருப்பதையும் இறக்கை 1.3 சதவீதம் நீண்டிருப்பதையும் காட்டியது. இவ்வளவு சிறிய மாற்றம் தெரிய வேண்டுமானால் அளக்கும் கை மாறக் கூடாது. மாறினால் இரு கைகளுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். இறக்கையை இயல்பான வளைவோடு அளக்கலாம். அளவுகோலில் தட்டையாக அழுத்தியும் அளக்கலாம். இரண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் வரும். உலரும்போது தோல் சுருங்குவதால் புதிய பறவையின் அளவும் அதே பறவையின் உலர்ந்த அளவும் ஒன்றாக இருக்காது. முன்னவரும் பின்னவரும் ஒரே நூறு பறவைகளை, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல், தனித்தனியே அளந்து ஒப்பிட்டால் சில நாளில் இந்த இடைவெளியை அளந்து குறித்துவிடலாம். முன்னவர் போனபின் அதற்கு வழியே இல்லை. நாற்பது ஆண்டு அளவுகளுக்கும் அடுத்த நாற்பது ஆண்டு அளவுகளுக்கும் நடுவே பாலம் அறுந்துபோகும்.

இந்த வேலைக்கு ஒருவர் உருவாக எவ்வளவு காலம் ஆகிறது என்பதையும் பாருங்கள். பட்டப்படிப்பு, முனைவர் பட்டம், களப்பணி என்று பத்தாண்டு. அதன்பின் வருகிறவரிடம் கோட்பாடு இருக்கும், கைத்திறன் பெரும்பாலும் இருக்காது. முதல் சில ஆண்டுகள் பாடம் செய்வதிலும், எண்ணிடுவதிலும், பழைய பதிவேட்டை இழுப்பறையோடு ஒப்பிடுவதிலும் போகும். இவற்றைக் குறுக்கக் கூடாது. நடுவாண்டுகளில் சொந்த ஆய்வு, நிதி விண்ணப்பம், சேகரிப்பு அனுமதி, அரியவகை உயிரினங்களை எல்லை தாண்டி அனுப்பும் சைட்டஸ் ஆவணங்கள், மாணவர்கள். கடைசிப் பத்தாண்டில் உலகெங்கும் இருந்து கடிதம் வரும்: "உங்களிடம் உள்ள இன்ன மாதிரியின் மூன்றாவது இறகு எவ்வளவு நீளம்?" இதற்கு அரைமணியில் பதில் சொல்பவருக்குப் பின்னால் முப்பது ஆண்டு இருக்கிறது.

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1944-இல் சேர்ந்த ராக்ஸி லேபோர்ன் இப்படிப்பட்டவர். 1960 அக்டோபரில் பாஸ்டனில் ஒரு பயணி விமானம் விழுந்து 62 பேர் இறந்தார்கள். எஞ்சினில் இருந்த இறகுத் துணுக்குகள் அவரிடம் வந்தன. இறகின் அடிப்பகுதியில் உள்ள தூவியிழைகளை நுண்ணோக்கியில் பார்த்தால் முடிச்சுகளின் வடிவம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். வாத்துக்கு ஒரு வடிவம், புறாவுக்கு வேறு. குடும்பம் தெரிந்தபின் துணுக்கைக் கழுவி உலர்த்தித் தொகுப்பில் உள்ள தோல்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். அவை ஸ்டார்லிங் பறவைகள் என்றார். விமான எஞ்சின்களைப் பறவை மோதலுக்குச் சோதிக்கும் தரங்கள் அதன் பின்னரே உருவாயின. 2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தின் எஞ்சினில் இருந்தவை கனடா வாத்துகள் என்று உறுதிசெய்ததும் அதே நிறுவனத்தின் இறகு ஆய்வகம்தான்.

கண் படாத இழுப்பறைக்கு நேர்வதற்கும் சான்று உண்டு. 2009 ஜூனில் இங்கிலாந்தின் ட்ரிங் நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத் தொகுப்பில் இருந்து 299 பறவைத் தோல்கள் திருடு போயின. மீன் தூண்டிலுக்கு இறகால் போலி ஈ கட்டுவோருக்கு விற்பதற்கான இறகுகள். திருட்டு வெளிப்பட ஒரு மாதத்துக்கு மேலானது. மீட்கப்பட்டவற்றில் பலவற்றின் சீட்டுகள் அறுக்கப்பட்டிருந்தன. அந்தத் தோல்கள் திரும்பி வந்தும் அறிவியலுக்குத் திரும்பவில்லை. உலகின் மிகப் பெரிய பறவைத் தொகுப்புகளில் ஒன்றுக்கே இது நேர்ந்தது. காப்பாட்சியரே இல்லாத இடத்தில் எத்தனை ஆண்டு கழித்துத் தெரியவரும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏன் ஓராண்டு என்ற கேள்விக்கு இப்போது வருகிறோம். தொகுப்பின் வேலை பறவைகளின் ஆண்டோடு சுழல்கிறது. வலசைக் காலம் இரண்டு. அப்போதுதான் மோதி இறந்தவை மூட்டையாக வந்து உறைபெட்டி நிறையும், எதை முதலில் பாடம் செய்வது, எதை எலும்புக்கூடாக்குவது, எதைத் திருப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். வெப்ப மாதங்களில் பூச்சி எழும். கூடு கட்டும் காலத்தில் கள அனுமதிகள். இரவல் போனவை திரும்பும் கெடு ஆண்டின் முடிவில் வரும். இவை ஒவ்வொன்றையும் முன்னவரின் பக்கத்தில் நின்று ஒருமுறையாவது பின்னவர் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டில் செய்ய வேண்டியவற்றில் மிக அவசரமானது வகைமாதிரிகள். ஓர் இனத்தின் பெயர் எந்தத் தோலின் மீது நிற்கிறதோ அதுவே அதன் வகைமாதிரி; அது தொலைந்தால் ஈடு கிடையாது. ஒவ்வொன்றையும் இருவரும் சேர்ந்து எடுத்து, முதல் விவரிப்போடு ஒப்பிட்டு, நிழற்படம் எடுத்து, சிவப்புச் சீட்டு சரிபார்த்துத் தீ தாங்கும் தனி அலமாரியில் வைக்க வேண்டும். அடுத்து இரவல் பதிவேடு: எது யாரிடம், எந்த ஆண்டு போனது. முப்பது ஆண்டாகத் திரும்பாதவை எந்தத் தொகுப்பிலும் சில இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கப் பழைய நட்பு வேண்டும். அந்த நட்புகளையும் கைமாற்ற வேண்டும். விரலடித் தோலில் இரண்டு மில்லிமீட்டர் வெட்டி மரபணுவுக்குத் தர ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்று முன்னவர் எடுத்த முடிவுகளைக் காரணத்தோடு எழுதி வாங்குங்கள். ஒரே மாதிரி மட்டுமே உள்ள இனத்துக்கு இரண்டாம் முறை வெட்ட அனுமதித்துவிட்டால் மூன்றாம் முறைக்குக் கால் இருக்காது. பதிவேட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகளை முன்னவர் வாய்விட்டுப் படித்து விளக்க, பின்னவர் தட்டச்சு செய்யட்டும். வாரம் ஒரு மதியம் போதும், ஓராண்டில் பெரும்பகுதி முடியும்.

உங்களிடம் நேரடியாகக் கேட்பவை சில. பறவைப் பிரிவின் ஆண்டறிக்கையைப் பார்வையாளர் எண்ணிக்கையால் மட்டும் அளக்காதீர்கள். எத்தனை தோல் சேர்ந்தது, எத்தனை இரவல் போய் வந்தது, எத்தனை ஆய்வில் தொகுப்பு எண்கள் குறிக்கப்பட்டன, பூச்சிப் பொறியில் என்ன விழுந்தது என்று கேளுங்கள். தேர்வுக் குழுவில் பாடம் செய்யத் தெரிந்த ஒருவர் உட்காரட்டும். விண்ணப்பதாரர் ஒரு பறவையை அவர் முன் செய்து காட்டட்டும். உறைபெட்டிக்கு மாற்று மின்சாரமும், நள்ளிரவில் வெப்பநிலை ஏறினால் தொலைபேசியை அலறவைக்கும் எச்சரிக்கைக் கருவியும் வாங்குங்கள். எச்சரிக்கை யார் தொலைபேசிக்குப் போகும் என்பதை ஓய்வு பெறுபவர் எண்ணிலிருந்து மாற்ற மறக்காதீர்கள். இது சிறிய விஷயம்போலத் தோன்றலாம். இளகிக் கெட்டுப்போன பெட்டியில் இருந்து எதையும் மீட்க முடியாது.

அடுத்த ஐந்தாண்டில் உங்கள் நிறுவனத்தில் யார் ஓய்வு பெறுகிறார்கள் என்ற பட்டியல் பணியாளர் பிரிவில் இருக்கும். அதில் பறவைத் தொகுப்பின் பெயர் இருந்தால், அந்த நாளில் இருந்து பன்னிரண்டு மாதம் பின்னோக்கி எண்ணி, அந்த மாதத்துக்குள் புதியவர் பணியில் சேரும்படி இந்த நிதியாண்டிலேயே விளம்பரத்துக்கு ஒப்புதல் தாருங்கள்.

இப்படிக்கு,
பறவைத் தொகுப்புகளில் பணிபுரிவோர்